அவுட்புட் கையில சிக்க மாட்டேங்குதா? வந்த கேள்விகள் சில

கேள்வி: பைத்தான்ல ஓஎஸ் டாட் சிஸ்டம் வச்சு கமாண்ட் ஓட்டுறேன். அவுட்புட் ஸ்கிரீன்ல ஓடுது, ஆனா வேரியபிள்ல வெறும் 0 தான் இருக்கு?

பதில்: அந்த 0 அவுட்புட்டே இல்லீங்க, கமாண்ட் ஒழுங்கா முடிஞ்சுதுன்னு சொல்ற எக்ஸிட் ஸ்டேட்டஸ். சப்பிராசஸ் டாட் ரன்னுக்கு மாறிடுங்க, கேப்சர் அவுட்புட், டெக்ஸ்ட் ரெண்டுக்கும் ட்ரூ கொடுங்க. ரெண்டுமே பைத்தான் 3.7ல தான் வந்துச்சு, பழைய சர்வர்னா முதல்ல வெர்ஷனைப் பாருங்க. டெக்ஸ்ட் கொடுக்க மறந்தா பைட்ஸா வரும், அதை ஸ்ட்ரிங்கோட ஒப்பிட்டா எரரும் வராது, மேட்ச்சும் ஆகாது, உக்காந்து முழிக்க வேண்டியதுதான். கடைசில ஒட்டிட்டு வர்ற நியூலைனையும் ஸ்ட்ரிப் பண்ணிடுங்க.

கேள்வி: பாஷ்ல (லினக்ஸ்ல கமாண்ட் அடிக்கிற ஷெல்) ஜாவா ஹைஃபன் வெர்ஷன் கமாண்டோட அவுட்புட்டை $( ) போட்டு வேரியபிள்ல பிடிச்சேன், வேரியபிள் காலி, மெசேஜ் மட்டும் டெர்மினல்ல வந்து நிக்குது.

பதில்: ஜாவா அந்த வெர்ஷன் விவரத்தை ஸ்டேண்டர்ட் எரர்ல, அதாவது எரர் மெசேஜுக்குன்னு இருக்குற தனி வழில எழுதுது. $( ) பிடிக்கிறது சாதாரண அவுட்புட் போற ஸ்டேண்டர்ட் அவுட்டை மட்டும்தான். எரரையும் அவுட்டோட சேர்க்க அடைப்புக்குள்ளயே கடைசில 2>&1 சேருங்க. ஃபைலுக்கு அனுப்பும்போது மட்டும் வரிசை முக்கியம், முதல்ல ஃபைல், அப்புறம் 2>&1. மாத்திப் போட்டா எரர் பழையபடி ஸ்கிரீனுக்கே போயிரும்.

கேள்வி: பைத்தான் சப்பிராசஸ்ல இருக்குற பிஓபன்ல பைப் (ஒரு புரோகிராமோட அவுட்புட்டை இன்னொன்னுக்குக் கொண்டுபோற வழி) கொடுத்து வெயிட் கூப்பிடுறேன். சின்ன ஃபைலுக்கு ஓகே, பெருசுன்னா அப்படியே ஹேங் ஆகுது. எரர் எதுவும் இல்ல.

பதில்: இது ரொம்பப் பேரைக் கடிச்ச விஷயம். பைப்புக்கு ஒரு அளவு இருக்கு, லினக்ஸ்ல வழக்கமா 64 கேபி. அது நிரம்பினதும் அந்த புரோகிராம் மேல எழுத முடியாம அப்படியே நின்னுடும், யாராவது படிச்சாத்தான் நகரும், நீங்களோ படிக்காம அது முடியட்டும்னு வெயிட்ல நிக்கிறீங்க, ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துட்டே விடிய விடிய நிக்கலாம். வெயிட்டை எடுத்துட்டு கம்யூனிகேட் போடுங்க, அது அவுட், எரர் ரெண்டு பைப்பையும் சேர்த்தே படிச்சுக்கும். அவுட்டை முழுசா படிச்சுட்டு அப்புறம் எரரைப் படிக்கலாம்னு நினைக்காதீங்க, எரர் பைப் நிரம்பினா அதே கதைதான். டைம்அவுட்டும் கொடுத்து வைங்க. ஆனா கம்யூனிகேட் எல்லாத்தையும் மெமரில சேர்த்து வச்சுத்தான் தரும், அவுட்புட் ஜிபி கணக்குல வரும்னா நேரா ஃபைலுக்குத் திருப்பிவிடுறதுதான் சரி.

கேள்வி: டெர்மினல்ல வரி வரியா வர்ற அவுட்புட், ஸ்கிரிப்ட் வழியா ஓட்டினா கடைசில மொத்தமா கொட்டுது.

பதில்: எதிர்ல இருக்கிறது டெர்மினலா பைப்பான்னு புரோகிராமுக்குத் தெரியும். டெர்மினல்னா வரிக்கு வரி அனுப்பும், பைப்னா பஃபர் (அவுட்புட்டைத் தற்காலிகமா சேர்த்து வைக்கிற மெமரி) நிரம்புற வரைக்கும் சேர்த்து வச்சுக்கும். எல்எஸ் கமாண்ட் பைப்ல போனா பத்தி பத்தியா காட்டாம வரிக்கு ஒரு பேர்னு காட்டுறதும் இதனாலதான். ஓடுறது பைத்தான் ஸ்கிரிப்ட்னா ஹைஃபன் யு போட்டு ஓட்டுங்க, சாதாரண சி புரோகிராம்னா முன்னாடி எஸ்டிடிபஃப் ஹைஃபன் ஓஎல் போட்டுப் பாருங்க. பஃபரைத் தானே பாத்துக்குற புரோகிராம்கிட்ட இந்த ரெண்டாவது வேலை செய்யாது.

கேள்வி: பாஷ் ஃபங்ஷனுக்குள்ள கமாண்ட் ஃபெயில் ஆனாலும் $? (கடைசி கமாண்டோட எக்ஸிட் ஸ்டேட்டஸ்) எப்பவும் 0 காட்டுது.

பதில்: வேரியபிளை ஃபங்ஷனுக்குள்ள மட்டும் வச்சுக்க லோக்கல்னு எழுதின அதே வரில $( ) போட்டிருப்பீங்க. லோக்கலும் ஒரு கமாண்ட்தான், அந்த 0 லோக்கலோடது. ரெண்டு வரியா பிரிங்க, முதல்ல லோக்கல், அடுத்த வரில $( ).