வீட்டுக் கணினியை வெளியூரிலிருந்து இயக்க ப்ரோ பதிப்பு வாங்க வேண்டுமா?

கேள்வி: என் கணக்குவழக்கெல்லாம் வீட்டு டெஸ்க்டாப்பில்தான் இருக்கிறது. வெளியூர் போகும்போது லேப்டாப்பிலிருந்தே அதை இயக்க வேண்டும். இப்போது இருப்பது விண்டோஸ் ஹோம். ப்ரோ பதிப்பு வாங்கி, ரூட்டரில் 3389 போர்ட்டைத் திறந்துவிடச் சொல்கிறார் நண்பர். பயமாக இருந்தால் போர்ட் எண்ணை மாற்றிக்கொள்ளலாமாம். பணம் போடலாமா?

பதில்: பணத்தை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்தப் போர்ட்டைத் திறக்காதீர்கள்.

3389 என்பது விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் வசதிக்கான வாசல். வீட்டுக் கணினியை அந்த வசதி வழியே இயக்க ஹோம் போதாது என்பதால்தான் நண்பர் ப்ரோ வாங்கச் சொல்கிறார். அதை இணையத்துக்குத் திறந்துவைத்தால், திறந்த வாசல்களைத் தேடி ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும் நிரல்கள் வெகு சீக்கிரம் கண்டுபிடித்துவிடும். தெரிந்தவர் ஒருவர் இப்படித் திறந்துவைத்திருந்தார். அவர் கணினியில் நடப்பதையெல்லாம் குறித்துவைக்கும் ஈவண்ட் வியூவரைத் திறந்து பார்த்தேன். உள்நுழைய முயன்று தோற்றதைக் குறிக்கும் 4625 என்ற எண் பக்கம் பக்கமாக வந்துகொண்டே இருந்தது. அட்மின், டெஸ்ட், யூசர் என்று ஒவ்வொரு பெயராகப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அவருக்கு எதுவும் தெரியாது. கணினி கொஞ்சம் மெதுவாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

போர்ட் எண்ணை மாற்றினால் தொல்லை குறையும், ஆபத்து போகாது. மொத்தம் இருப்பதே 65,535 எண்கள். ஒரு நிரலுக்கு அத்தனையையும் தட்டிப் பார்ப்பது பெரிய வேலையில்லை. நல்ல கடவுச்சொல் இருந்தாலும் போதாத நேரம் உண்டு. 2019 மே மாதம் வெளிவந்த 'ப்ளூகீப்' என்ற ரிமோட் டெஸ்க்டாப் பாதுகாப்பு ஓட்டை கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே நுழைய வழிவிட்டது. ஆதரவு நின்றுபோயிருந்த பழைய விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது என்றால், எவ்வளவு பயந்திருப்பார்கள் என்று பாருங்கள்.

சரி, வேறு என்ன வழி? உங்களுக்கு கூகுளின் க்ரோம் ரிமோட் டெஸ்க்டாப் போதும். இலவசம், ஹோம் பதிப்பிலும் ஓடும். வீட்டுக் கணினி தானே வெளியே போய் இணைப்பை ஏற்படுத்திக்கொள்வதால் ரூட்டரில் எதையும் தொட வேண்டாம். குறைந்தது ஆறு இலக்க பின் எண் கேட்கும். பிறந்த நாளைப் போடாதீர்கள். இனி உங்கள் கூகுள் கணக்குதான் வீட்டுச் சாவி. அதனால் அதற்கு இரண்டு கட்டச் சரிபார்ப்பைக் கட்டாயம் போடுங்கள்.

இதில் ஒரு குறை. நீங்கள் வெளியிலிருந்து செய்வதெல்லாம் வீட்டு மானிட்டரிலும் தெரியும். விண்டோஸின் சொந்த ரிமோட் டெஸ்க்டாப்பில் வீட்டுத் திரை பூட்டிக்கொள்ளும். தினமும் மணிக்கணக்கில் வேலை, வீட்டில் மற்றவர்களும் இருப்பார்கள் என்றால் மட்டும் ப்ரோவுக்குப் பணம் போடலாம். அப்போதும் போர்ட்டைத் திறக்காமல், டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் (உங்கள் கருவிகளுக்குள் மட்டும் இருக்கும் தனிப் பாதை) வழியாகத்தான் இணைக்க வேண்டும். தனிப்பட்ட பயன்பாட்டுக்கு அதில் இலவசத் திட்டம் இருக்கிறது. கோப்புகளை மட்டும் பார்த்தால் போதும் என்றால் இதெல்லாம் எதற்கு? கிளவுட் சேமிப்பில் வைத்துவிடுங்கள்.

கிளம்பும் முன் கணினி ஸ்லீப்புக்குப் போகாதபடி அமைப்பை மாற்றுங்கள். பாதிப் பேர் இதை மறந்துவிட்டுத்தான் "இணைப்பு வரவில்லை" என்று எழுதுகிறார்கள். ஒருமுறை மொபைல் டேட்டாவில் இணைத்துப் பார்த்துவிட்டே ஊருக்குப் போங்கள்.

கேள்வி: வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒருவர், தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் செயலியை அம்மாவின் கணினியில் நிறுவச் சொல்லி, திரையில் வந்த எண்ணைக் கேட்டார். அம்மா சொல்லிவிட்டார். என்ன செய்வது?

பதில்: இப்போதே இணையத்தைத் துண்டியுங்கள். வங்கி அட்டையின் பின்னால் உள்ள எண்ணுக்கு வேறொரு போனிலிருந்து பேசி, கணக்கை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். அடுத்து வேறு கருவியிலிருந்து மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை மாற்றுங்கள். செயலியை நீக்கினால் மட்டும் போதாது, அதன் வழியே வேறு எதையாவது நிறுவியிருக்கலாம். விண்டோஸையே புதிதாக நிறுவுவது நல்லது. அம்மாவைத் திட்டாதீர்கள். பயந்து மறைத்தால் அடுத்த முறை உங்களுக்குத் தெரியவே வராது.