காண்டாக்ட் லென்ஸில் என்னென்ன வகை? புதிதாகப் போடுபவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

கருவிழியின் மேல் கண்ணீர்ப் படலத்தில் மிதக்கும் மெல்லிய வில்லைதான் காண்டாக்ட் லென்ஸ். கருவிழியில் ரத்தக் குழாய் கிடையாது. ஆக்சிஜனைப் பெரும்பாலும் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. லென்ஸோடு தூங்கக் கூடாது என்பது அதனால்தான்.

சாஃப்ட் லென்ஸ் சுமார் 14 மி.மீ. அகலம், சீக்கிரம் பழகிவிடும். சிலிகான் ஹைட்ரோஜெல் ரகம் ஆக்சிஜனை நன்றாக உள்ளே விடும். ஆர்ஜிபி எனும் கடின லென்ஸ் சிறியது. பழக நாளாகும், ஆனால் கூம்பு வடிவக் கருவிழி உள்ளவர்களுக்கு அதுதான் தெளிவு தரும். புதியவர்களுக்குத் தினசரி லென்ஸே நல்லது: இரவில் கழற்றிக் குப்பையில் போட்டுவிடலாம், கழுவும் வேலை இல்லை.

போடுமுன் விரல் நுனியில் வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். விளிம்பு நேராக நின்றால் சரி. வெளிப்பக்கம் விரிந்தால் லென்ஸ் புரண்டிருக்கிறது.

இட்லி சாம்பாரை இழுப்பதுபோல சாஃப்ட் லென்ஸ் தண்ணீரை இழுக்கும். குழாய்த் தண்ணீரில் இருக்கக்கூடிய அகந்தமீபா கிருமி அதோடு ஒட்டிக்கொண்டால் பார்வையே பறிபோகலாம். குளிக்கும்போது கழற்றிவிடுங்கள். திரும்பப் போடும் லென்ஸ் என்றால், அதை வைக்கும் டப்பாவில் பழைய சொல்யூஷனை (லென்ஸை ஊறவைக்கும் திரவம்) கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். டப்பாவை 3 மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கண் சிவந்து வலித்தால் உடனே கழற்றிவிட்டு டாக்டரிடம் போங்கள்.

மாத லென்ஸை மாதம் 10 நாள் மட்டும் போட்டால் 3 மாதம் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கு உறையைப் பிரித்த நாளிலிருந்தே ஓடுகிறது.