கம்ப்ரசர் போச்சா? மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்

வாசகர் கேள்விகளுக்குத் திங்கள்சந்தை ஏ.சி. மெக்கானிக் ஒருவரின் பதில்கள்

கேள்வி: வணக்கம் அண்ணாச்சி. எங்கள் வீடு குளச்சல் கடப்புறத்தில், கடலுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறது. ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏ.சி., வாங்கி நாலு வருடம். ஆனி மழை தொடங்கியதிலிருந்து உள்ளே காற்று வருகிறது, குளிர் இல்லை. மாடியில் உள்ள அவுட்டோர் ஒரு நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் கழித்துக் கிளம்பி, மறுபடி நிற்கிறது. ஒரு மெக்கானிக் கம்ப்ரசர் போய்விட்டது, 16,000 ரூபாய் ஆகும் என்கிறார். இன்னொருவர் அவுட்டோரில் உள்ள எலக்ட்ரானிக் போர்டுதான், 9,000 என்கிறார். இருவருமே மூடியைக் கழற்றிப் பார்த்தார்கள், மீட்டர் எதுவும் வைக்கவில்லை. யாரை நம்புவது?
– ஒரு வாசகி, குளச்சல்

பதில்: அக்கா, இப்போதைக்கு இருவரையும் நம்ப வேண்டாம். அளக்காமல் சொன்னது ஊகம்தான். முதலில் வாரண்டி அட்டையைத் தேடி எடுங்கள். பல கம்பெனிகள் இன்வெர்ட்டர் கம்ப்ரசருக்கு 10 வருடம் வரை வாரண்டி தருகிறார்கள். உங்களுடையது நாலு வருடம்தானே ஆகிறது. வெளி ஆள் கை வைக்கும் முன்பு அதைப் படித்துவிடுங்கள்.

ஒரு நிமிடமாவது ஓடுகிறது என்பது எனக்கு நல்ல அறிகுறியாகப் படுகிறது. காயில் (கம்ப்ரசர் மோட்டாரின் கம்பிச் சுருள்) எரிந்து பாடியோடு ஒட்டியிருந்தால் கிளம்பும்போதே போர்டு நிறுத்திவிடும், அல்லது வீட்டு ஈ.எல்.சி.பி. (கரண்ட் கசிந்தால் சப்ளையை நிறுத்தும் ஸ்விட்ச்) விழும். ஓடி நிற்கிறது என்றால், ஓடும்போது ஏதோ ஒன்று போர்டுக்குப் பிடிக்காமல் போகிறது. அவுட்டோர் ஃபேன் சரியாகச் சுற்றாமல் இருக்கலாம், சூட்டை வெளியே விடும் கண்டென்சர் அழுக்கில் அடைத்திருக்கலாம், மாலையில் வோல்ட்டேஜ் இறங்கலாம். ஆனால் கடப்புறத்து வீடு என்றதும் என் மனம் போவது ஒரே இடத்துக்கு: கம்ப்ரசர் தலையில் இருக்கும் மூன்று டெர்மினல்கள்.

இது எனக்கு எப்படித் தெரிய வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில வருடம் முன்பு முட்டத்தில் ஒரு வீடு. உங்கள் வீட்டுக் கதையேதான், ஓடி ஓடி நின்றது. கம்ப்ரசருக்குப் போகும் மூன்று வயருக்கும் யு, வி, டபிள்யூ என்று பெயர். வயர் முனையில் மீட்டர் வைத்து இரண்டிரண்டாக அளந்தேன். யு–வி 1.1 ஓம். வி–டபிள்யூ 2.6. டபிள்யூ–யு 2.6. மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டியது, இரண்டு தப்பு. காயில் போச்சு என்று சொல்லி கம்ப்ரசரை மாற்றினேன். இரண்டாம் நாள் அதே கோளாறு. அப்போதுதான் உட்கார்ந்து யோசித்தேன். தப்பான இரண்டு அளவிலும் பொதுவாக இருப்பது டபிள்யூ. அந்த வயரின் முனையில் உள்ள லக்கை, அதாவது டெர்மினலில் மாட்டும் உலோக முனையைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பச்சைக் களிம்பு பிடித்து, பாதிக் கம்பி கருகியிருந்தது. பழைய கம்ப்ரசரிலிருந்து கழற்றிய அதே வயரைத்தான் புதியதிலும் மாட்டியிருந்தேன். வயர் முனையில் அளக்காமல் கம்ப்ரசரின் டெர்மினல் பின்னிலேயே (பின் என்பது வயர் மாட்டும் உலோகக் குச்சி) அளந்திருந்தால் மூன்றும் 1.1 காட்டியிருக்கும். வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். கம்ப்ரசர் விலையைத் திருப்பிக் கொடுக்க அன்று எனக்கு வழி இல்லை. அந்த வீட்டு வழியாகப் போகும்போது இன்றும் மனசு உறுத்தும். அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் உப்பு ஈரம் டெர்மினல் மூடிக்குள்ளும் போய் உட்காரும். செம்பு பச்சையாகும், பிடிப்பு தளரும், தளர்ந்த இடம் சூடாகும், சூட்டில் இன்னும் தளரும். மூன்று வயரில் ஒன்றில் மட்டும் கரண்ட் குறைந்தால் போர்டு அதைக் கண்டுபிடித்து நிறுத்திவிடும். போர்டு செய்வது சரிதான். பழி மட்டும் கம்ப்ரசர் மேலும் போர்டு மேலும் விழுகிறது.

சரி, வருகிற மெக்கானிக் உங்கள் கண் முன்னே செய்ய வேண்டியது இது. நீங்கள் கை வைக்க வேண்டாம், பார்த்தால் போதும். எம்.சி.பி.யை (ஏ.சி.க்கான மெயின் ஸ்விட்சை) இறக்கிவிட்டு 10 நிமிடமாவது காத்திருக்க வேண்டும். வீட்டு 230 வோல்ட் உள்ளே 325 வோல்ட் டி.சி.யாகப் பெரிய கெப்பாசிட்டரில் சேர்ந்து நிற்கும், சில போர்டில் அதற்கும் மேலே. மீட்டரை டி.சி.யில் வைத்து அது வடிந்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் விரல் போக வேண்டும். ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பொறி பறக்க விடுகிறவரை அப்படியே அனுப்பிவிடுங்கள்.

அப்புறம் மூன்று வயரையும் போட்டோ எடுத்துக்கொண்டு போர்டிலிருந்து கழற்ற வேண்டும். வரிசை மாறினால் கம்ப்ரசர் தலைகீழாகச் சுற்றும். மீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டால் 0.2 அல்லது 0.3 காட்டும், அது மீட்டர் வயரின் சொந்த ஓம், அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். இங்கே நாம் தேடுவதே ஒன்றிரண்டு ஓம் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. முதலில் வயர் முனையில், பிறகு கம்ப்ரசர் பின்னில். பின்னில் மூன்றும் சமமாக இருந்தால் காயில் அறுபடவில்லை.

அடுத்தது மெகர், அதாவது கரண்ட் பாடிக்குக் கசிகிறதா என்று அளக்கும் மீட்டர், 500 வோல்ட்டில். ஒவ்வொரு பின்னுக்கும் பெயின்ட் இல்லாத செம்புக் குழாய்க்கும் நடுவே. போர்டில் வயர் மாட்டியபடியே மெகர் சுற்றினால் நல்ல போர்டும் செத்துவிடும், அதைக் கவனியுங்கள். அளவு ஒரு மெகா ஓமுக்குக் கீழே போனால் சந்தேகப்படலாம். ஆனால் மழை நாளில் பல நாள் ஓடாமல் கிடந்த கம்ப்ரசரில் கேஸ் திரவமாகி எண்ணெயோடு தேங்கியிருக்கும், அதுவும் அளவைக் குறைத்துக் காட்டும். டெர்மினலை நன்றாகத் துடைத்து, கம்ப்ரசரை மெல்லச் சூடாக்கி, இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

இரண்டும் நன்றாக இருந்தால் லக்கை வெட்டிப் புதியது போட்டு மூடியை இறுக்கச் சொல்லுங்கள். மூடி இல்லாமல் சப்ளை கொடுக்கவே கூடாது. டெர்மினல் பிய்த்துக்கொண்டால் கேஸும் எண்ணெயும் சீறி வெளியே வரும். உங்கள் யூனிட்டில் ஆர்-32 என்று எழுதியிருந்தால் அது தீப்பற்றக்கூடிய கேஸ்.

முடிந்தால் அவுட்டோரைக் கடல் பார்க்காத பக்கம் மாற்றுங்கள்.

கேள்வி: பழைய ஏ.சி.யில் செய்வது போல, போர்டை விட்டுவிட்டு ரன்னிங் கெப்பாசிட்டர் போட்டு இன்வெர்ட்டர் கம்ப்ரசரை டைரக்டாக ஓட்டிப் பார்க்கலாமா?
– ஐ.டி.ஐ. மாணவர், நாகர்கோவில்

பதில்: கூடாது தம்பி. பழையதில் சி (காமன்), எஸ் (ஸ்டார்ட்), ஆர் (ரன்) என்று மூன்று முனை. ஸ்டார்ட்டையும் ரன்னையும் கூட்டினால் பெரிய அளவு வரும், அது சிங்கிள் ஃபேஸ் மோட்டார். இதில் மூன்று காயிலும் ஒரே அளவு, ரோட்டரில் நிலைக்காந்தம். ரோட்டர் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடித்து, மெதுவாகத் தொடங்கி வேகம் ஏற்றுவது போர்டு. நேராக 230 வோல்ட்டைக் கொடுத்தால் மோட்டார் சுற்றாது. ஒரு ஓம் காயிலில் எவ்வளவு ஆம்பியர் பாயும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். காயில் எரியும், காந்தமும் சக்தி இழக்கும்.

சந்தேகம் போர்டு மேல் என்றால், கெப்பாசிட்டர் வடிந்த பிறகு மீட்டரை டயோடு செட்டிங்கில் வைத்து ஐ.பி.எம்.மின் (போர்டில் கம்ப்ரசரை ஓட்டும் பவர் சிப்) பி, என் எனும் டி.சி. முனைகளிலிருந்து யு, வி, டபிள்யூவுக்குப் பாருங்கள். ஒரு பக்கம் மூன்றும் ஏறத்தாழ 0.4, 0.5 என்று ஒன்றாகக் காட்ட வேண்டும், முனை மாற்றினால் காட்டக் கூடாது. ஒன்று பூஜ்யம் என்றால் அந்த ஐ.பி.எம். போச்சு. கம்ப்ரசர் இடத்தில் ஒரே வாட்டில் மூன்று குண்டு பல்பை ஸ்டாரில், அதாவது ஒரு முனையை ஒன்றாகச் சேர்த்து, மாட்டியும் பார்க்கலாம். போர்டு சில நொடியில் நிறுத்திவிடும், அதற்குள் மூன்றும் ஒரே வெளிச்சத்தில் எரிகிறதா என்பதுதான் கேள்வி.

கேள்வி: ஐப்பசி இடிக்குப் பிறகு ஏ.சி.யின் உள் யூனிட்டில் லைட் எரிகிறது, அவுட்டோரில் உயிரே இல்லை. கம்ப்ரசர் கருகியிருக்கும் என்கிறார்கள்.
– ஒரு வாசகர், அருமனை

பதில்: இடி முதலில் அடிப்பது போர்டின் வாசலில்தான், ஃபியூஸும், அதிக வோல்ட்டேஜைத் தாங்கிக்கொள்ளும் வேரிஸ்டரும் இருக்கும் இடத்தில். கம்ப்ரசர் வரை போவது அபூர்வம். ஃபியூஸ் போயிருந்தால் கம்பி சுற்றி ஓட்ட விடாதீர்கள். ஏ.சி. கரண்டை டி.சி.யாக மாற்றும் டயோடு பிரிட்ஜும் ஐ.பி.எம்.மும் ஷார்ட் இல்லை என்று பார்த்து, 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டு சப்ளை கொடுக்க வேண்டும். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் கெப்பாசிட்டர் நிரம்புகிறது என்று அர்த்தம். எரிந்தபடியே நின்றால் உள்ளே ஷார்ட் இன்னும் இருக்கிறது. இனி மேகம் கறுத்தால் ஸ்விட்சை அணைத்ததோடு விடாமல் பிளக்கையும் உருவிவிடுங்கள்.