அல்வா கிண்டும் இயந்திரத்துக்கு எந்த மோட்டார்?

திருநெல்வேலியில் அல்வாக் கூடம் தொடங்கும் நீங்கள், எத்தனை குதிரைத்திறன் மோட்டார் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அதைவிட முறுக்குவிசையை, அதாவது துடுப்பைச் சுழற்றும் பலத்தை, முதலில் பாருங்கள். கோதுமைப்பால் அடுப்பில் ஏறும்போது தண்ணீராக ஓடும். சர்க்கரையும் நெய்யும் சேர்ந்து இறுகியபின் துடுப்பு நகரவே திணறும். அந்தக் கடைசிக் கட்டச் சுமைக்குத்தான் மோட்டார் வாங்க வேண்டும்.

4 துருவ (நான்கு காந்த முனைகள் கொண்ட) மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 1440 சுற்று சுழலும். துடுப்புக்கு அவ்வளவு வேகம் ஆகாது. வேகத்தைக் கியர்பாக்ஸால் குறையுங்கள், முறுக்குவிசை கூடும். மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி வேகத்தைக் குறைக்கும் விஎஃப்டி கருவியை மட்டும் நம்பி மிகவும் குறைத்தால் மோட்டார் தண்டிலுள்ள குளிர்விக்கும் விசிறியும் மெதுவாகி உள்ளேயுள்ள கம்பிச்சுருள் சூடேறும். எரிந்துபோகும் மோட்டார்கள் பல இப்படித்தான் எரிகின்றன.

பொதுவாக மோட்டாரின் திறன் 40 டிகிரி சுற்றுவெப்பத்துக்குக் கணக்கிட்டது. சித்திரை மாதத்தில் நம் ஊர் அடுப்படி அதைத் தாண்டிவிடும். ஆகவே ஒரு படி பெரிதாக எடுங்கள்.

மோட்டாருக்குள் தூசும் தண்ணீரும் புகாத பாதுகாப்பை ஐபி எண் சொல்லும். சாதாரணக் குழாய்த் தண்ணீரில் கழுவ ஐபி55 தாங்கும். உயரழுத்தப் பம்பு என்றால் ஐபி69 கேளுங்கள்.

கொப்பரைக்கு நேர்மேலே கியர்பாக்ஸ் வருகிறதா? சீல் தேய்ந்தால் எண்ணெய் அல்வாவில் சொட்டும். தவறி உணவில் பட நேரும் இடங்களுக்கென்றே உள்ள எச்1 தர எண்ணெயே ஊற்றுங்கள், அடியில் ஒரு எவர்சில்வர் தட்டும் பொருத்தச் சொல்லுங்கள். இதில் மட்டும் சிக்கனம் பார்க்கவே கூடாது.