பெட்டியைப் பிரித்த மறுநாள்

வாசகர் கேள்வி–பதில்: அறிவியல் விளையாட்டுப் பொருள்கள்

கேள்வி: எட்டு வயதாகும் எங்கள் மகனுக்கு மின்சுற்றுப் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தோம். கையேட்டில் 30 சோதனைகள் இருந்தன. இரண்டே நாளில் அத்தனையையும் செய்து முடித்து, “எல்லாம் வேலை செய்கிறது” என்று சொல்லி மூடி வைத்தவன், அதன் பிறகு அதைத் தொடவே இல்லை. அவனுக்கு அறிவியலில் ஆர்வம் இல்லையா, நாங்கள் வாங்கிய பொருள் சரியில்லையா?

பதில்: இரண்டும் இல்லை என்றே நினைக்கிறேன். “எல்லாம் வேலை செய்கிறது” என்று உங்கள் மகன் சொன்னதிலேயே விடை இருக்கிறது. சிவப்பு ஒயரை இந்தத் துளையில் செருகு, கறுப்பு ஒயரை அந்தத் துளையில் செருகு என்று கையேடு சொன்னபடி செய்தால் விளக்கு எரியத்தான் செய்யும். அதில் அவன் யோசிப்பதற்கு எதுவும் மிச்சமில்லை. பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம். கையேட்டை மட்டும் ஒரு மாதத்துக்கு எடுத்து ஒளித்து வையுங்கள்.

பெட்டியில் ஒரு சிவப்பு எல்.இ.டி.யும் ஒரு நீல எல்.இ.டி.யும் இருக்கும். இரண்டு கால்கள் கொண்ட அந்தச் சிறு விளக்கில் ஒரு கால் சற்று நீளமாக இருப்பதைப் பெரும்பாலான பிள்ளைகள் தாமாகவே கவனித்துவிடுவார்கள். நீளமான கால் பேட்டரியின் நேர்முனைப் பக்கம் இருந்தால்தான் விளக்கு எரியும். திருப்பி மாட்டினால் எரியாது. இதை நீங்கள் சொல்லிவிட்டால் அவனுக்குக் கிடைப்பது ஒரு தகவல். மாறாக, எரியாத விளக்கை அவன் கையில் வைத்துக்கொண்டு, ஒயரை ஆட்டி, பேட்டரியைக் கழற்றி மாட்டி, கடைசியில் விளக்கைத் திருப்பிப் பார்க்கும் வரை அந்த ஐந்து நிமிடங்கள் நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால், மின்னோட்டம் ஒரு திசையில் மட்டுமே செல்லக்கூடிய பொருள்களும் உண்டு என்பது அவனே கண்டுபிடித்த செய்தியாகிவிடும். அந்த ஐந்து நிமிடங்கள் பெரியவர்களுக்கு மிகவும் நீளமானவை என்பதை அனுபவத்தில் அறிவேன்.

அதற்கு அடுத்த நாள் இதைக் கொடுத்துப் பாருங்கள். 1.5 வோல்ட் பேட்டரிகள் மூன்றைத் தொடராக வைத்து, பெட்டியில் உள்ள மின்தடை ஒன்றைக் கட்டாயம் இடையில் சேர்த்து, முதலில் நீல எல்.இ.டி.யை மட்டும் எரியச் செய்யட்டும். எரியும் அந்த விளக்குக்குப் பக்க இணைப்பில் (நீளமான காலோடு நீளமான காலும், குட்டையான காலோடு குட்டையான காலும் சேரும்படி) சிவப்பு எல்.இ.டி.யையும் மாட்டச் சொல்லுங்கள். மாட்டுவதற்கு முன்னால், என்ன நடக்கும் என்று அவனையே சொல்ல வையுங்கள். “இரண்டும் எரியும்” என்பான். சிவப்பு எரியும், அதுவரை எரிந்துகொண்டிருந்த நீலம் அணைந்துவிடும். சிவப்பு எல்.இ.டி.க்கு ஏறத்தாழ 2 வோல்ட் போதும், நீலத்துக்கு ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும். சிவப்பு இணைந்தவுடன் இரண்டின் முனைகளுக்கும் இடையில் நிற்பது அந்த 2 வோல்ட் மட்டுமே என்பதால் நீலத்துக்குப் போதுமான அழுத்தம் கிடைப்பதில்லை. இந்த விளக்கத்தை அவன் கேட்கும்போது சொன்னால் போதும். கேட்பதற்கு இரண்டு நாள் ஆனாலும் கவலை இல்லை.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: பேட்டரியின் இரு முனைகளையும் வெறும் ஒயரால் நேரடியாக இணைக்கக் கூடாது. ஒயரும் பேட்டரியும் விரலைச் சுடும் அளவுக்குச் சூடாகும்.

கேள்வி: எங்கள் மகளுக்கு இரண்டரை வயது. வயதுக்கு மீறிய புத்திசாலி. “3 வயதுக்கு மேல்” என்று அச்சிட்ட காந்தக் கட்டைகளை இப்போதே வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். பெட்டியில் “3 வயதுக்குக் கீழ் ஆகாது” என்று போட்டிருந்தால் அது பிள்ளையின் அறிவை அளந்து போட்டது அன்று. தொண்டையை அளந்து போட்டது. சிறு பாகங்களைச் சோதிப்பதற்கென்று 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளை இருக்கிறது. அதற்குள் முழுவதுமாக அடங்கிவிடும் எந்தப் பாகமும் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் மூச்சை அடைக்கக்கூடும் என்று கொள்ளப்படுகிறது. எவ்வளவு புத்திசாலிக் குழந்தையாக இருந்தாலும் அந்த வயதில் பொருளை ஆராயும் முதல் கருவி வாய்தான்.

காந்தத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கட்டைக்குள் இருப்பது பெரும்பாலும் நியோடிமியம் காந்தம்; அளவில் சிறியது, இழுவையில் வலியது. கட்டை உடைந்து இரண்டு காந்தங்கள் வெளியே வந்து, குழந்தை அவற்றை வெவ்வேறு நேரத்தில் விழுங்கிவிட்டால், குடலின் இரு வேறு மடிப்புகளிலிருந்து அவை ஒன்றையொன்று இழுத்து, இடையில் சிக்கும் குடற்சுவரை நசுக்கித் துளைத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண வயிற்றுவலி போலத்தான் தெரியும். எனவே மூன்று வயது நிறைந்த பிறகு வாங்கினாலும், விளிம்பில் விரிசல் விட்ட கட்டையை அன்றே அகற்றிவிடுங்கள்.

இதைவிடவும் நான் அஞ்சுவது நாணயம் போன்ற தட்டையான பட்டன் செல்லுக்குத்தான். 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள லித்தியம் செல் உணவுக்குழாயில் சிக்கினால், அதன் எதிர்முனையில் ஈரத்தோடு சேர்ந்து காரம் உருவாகி, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண்ணை உண்டாக்கக்கூடும். பொம்மை ஓடாத அளவுக்குச் சக்தி தீர்ந்த செல்லும் இதைச் செய்யும். பேட்டரி அறையின் மூடி திருகாணி கொண்டு இறுக்கப்பட்டிருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். நகத்தால் திறக்க முடிந்தால் அந்தப் பொம்மை வேண்டாம். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்க முயலாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வீட்டில் மூத்த பிள்ளையின் பெட்டி திறந்து கிடந்தால், அதன் மேல் அச்சிட்ட வயது இளைய பிள்ளைக்குத் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: பத்து வயது மகளுக்கு நுண்ணோக்கி வாங்க எண்ணுகிறேன். ஒன்றில் 1200 மடங்கு என்றும் மற்றொன்றில் 100 மடங்கு என்றும் போட்டிருக்கிறது. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. 1200 மடங்குதானே சிறந்தது?

பதில்: விலையில் வித்தியாசம் இல்லை என்பதே உங்களை எச்சரிக்க வேண்டும். எத்தனை நல்ல வில்லையாக இருந்தாலும், சாதாரண ஒளியைக் கொண்டு பார்க்கும் நுண்ணோக்கியால் ஏறத்தாழ 0.2 மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) குறைவான இடைவெளியில் உள்ள இரு புள்ளிகளைப் பிரித்துக் காட்ட முடியாது. ஆய்வுக்கூடத்தில் மிகத் தரமான வில்லைகளை வைத்து எட்டும் எல்லை இது. பிளாஸ்டிக் வில்லை பொருத்திய விளையாட்டு நுண்ணோக்கி அதற்கு வெகு முன்பே நின்றுவிடும். அதற்கு மேல் மடங்கைக் கூட்டினால் பெரிதாவது மங்கல்தான்.

வெங்காயத்தின் உட்தோலை மெல்லியதாக உரித்து, ஒரு சொட்டு நீரில் சுருக்கமில்லாமல் பரப்பி, 100 மடங்கில் பார்த்தால் செங்கல் அடுக்கியது போல் உயிரணுக்கள் வரிசையாகத் தெரியும். பூச்சியின் இறகு, மகரந்தம், துணியின் இழை ஆகியவற்றுக்கு 40 மடங்கே போதும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷும் ஜிம் சைபுல்ஸ்கியும் உருவாக்கிய, காகிதத்தை மடித்துச் செய்யும் ஃபோல்ட்ஸ்கோப் என்னும் நுண்ணோக்கியின் பெருக்கம் ஏறத்தாழ 140 மடங்குதான். அதை வைத்துக்கொண்டு குளத்து நீரில் நீந்தும் உயிர்களைப் பார்க்கிறார்கள். ஆகவே எண்ணைப் பார்க்காமல், கண்ணாடி வில்லையா, குவியத்தைச் சரிசெய்யும் திருகு ஆடாமல் நிற்கிறதா, கீழிருந்து வரும் வெளிச்சம் சீராக இருக்கிறதா என்று பாருங்கள்.

தொலைநோக்கி வாங்க நினைக்கும் வாசகர்களும் இதையே பொருத்திக்கொள்ளலாம். முன்வில்லையின் விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ அதைப் போல் இரு மடங்குக்கு மேல் பெருக்கம் பயன் தராது. 50 மில்லிமீட்டர் தொலைநோக்கியின் பெட்டியில் 500 மடங்கு என்று போட்டிருந்தால் அது விளம்பரம். கலிலியோ 1610-இல் வியாழனின் நான்கு நிலவுகளைக் கண்டது ஏறத்தாழ 20 மடங்கில்தான். எந்தத் தொலைநோக்கியையும் சூரியனை நோக்கித் திருப்பக் கூடாது என்பதைப் பெட்டியின் மூடியிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: ஆறு வயதிலேயே நிரலாக்கம் கற்பிக்கும் ரோபோ வாங்கிக் கொடுக்காவிட்டால் பிள்ளை பின்தங்கிவிடும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: இல்லை. ஆனால் ஆறு வயதுக் குழந்தை நிரலாக்கத்தின் அடிப்படையை விளையாட்டாகக் கற்க முடியும் என்பது உண்மை. அது புதிய செய்தியும் அன்று. சேமூர் பேப்பர்ட், வாலி ஃபோர்சிக், சிந்தியா சாலமன் ஆகியோர் குழந்தைகளுக்காகவே லோகோ என்ற கணினி மொழியை 1967-இல் உருவாக்கினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அதனோடு ஓர் ஆமை வந்து சேர்ந்தது: தரையில் உருண்டு, பேனாவால் கோடு இழுத்துச் செல்லும் சிறு இயந்திரம். ஆமையை எப்படி நகர்த்துவது என்று தெரியாமல் குழந்தை திகைத்தால், “நீயே ஆமையாக நடந்து பார்” என்பதே பேப்பர்ட்டின் அறிவுரை.

அதை இன்றைக்கு உங்கள் வீட்டுக் கூடத்திலேயே செய்யலாம். நீங்கள் ரோபோ ஆகுங்கள், குழந்தை கட்டளையிடட்டும். சொன்னதை மட்டும் செய்யுங்கள், சொல்லாததை ஊகித்துச் செய்யாதீர்கள். “கதவுக்குப் போ” என்றால் அசையாமல் நில்லுங்கள். “நாலு அடி முன்னால் போ” என்றால் சுவர் குறுக்கிட்டாலும் முட்டிக்கொண்டு நில்லுங்கள். குழந்தை விழுந்து விழுந்து சிரிக்கும். சிரித்து முடித்துக் கட்டளையைத் திருத்தும். சதுரமாக நடக்கச் செய்யும் முயற்சியில் “முன்னால் போ, வலப்பக்கம் திரும்பு” என்பதையே நான்கு முறை சொல்லிச் சலித்துப்போய், “இதையே நாலு தடவை செய்” என்று அது ஒரு நாள் சொல்லும். கணினியில் மடக்கு என்று படிக்கப்போவது அதுதான்.

இதற்குப் பிறகு ரோபோ வாங்கினால் அதை என்ன செய்வதென்று குழந்தைக்குத் தெரிந்திருக்கும். திரையில் செய்வதானால் கட்டளைக் கட்டைகளைக் கோத்து நிரல் உருவாக்கும் செயலிகளான, 5 முதல் 7 வயதினருக்கு ஸ்கிராட்ச் ஜூனியரும், 8 வயதுக்கு மேல் ஸ்கிராட்சும் இலவசமாகவே கிடைக்கின்றன. வாங்கும் ரோபோ எதுவாயினும், பத்து நடனங்களை ஆடிக் காட்டும் ரோபோவை விட, சொன்னதைத் தப்பாமல் செய்து சுவரில் முட்டும் ரோபோவுக்கே என் ஓட்டு.

கேள்வி: கேள்வி கேட்டால் பதில் சொல்லும், இணையத்துடன் இணைந்த பேசும் பொம்மையை மூன்று வயதுக் குழந்தைக்குப் பரிசளிக்க உறவினர் ஒருவர் விரும்புகிறார். மறுக்கலாமா?

பதில்: நான் மறுப்பேன். பேசும் பொம்மை என்றால் ஒலிவாங்கி உள்ள பொம்மை. 2017-இல் ஜெர்மனி அத்தகைய பொம்மை ஒன்றை மறைமுகமான ஒட்டுக்கேட்புக் கருவி என்று வகைப்படுத்தித் தடை செய்ததுடன், வாங்கியவர்கள் அதைச் செயலிழக்கச் செய்யும்படியும் அறிவுறுத்தியது. அருகிலுள்ள எவரும் புளூடூத் வழியே அதனுடன் இணையக்கூடியதாக இருந்ததே காரணம். இன்றுள்ளவை எல்லாம் அப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். ஆயினும் குரல் எங்கே சேமிக்கப்படுகிறது, அதை அழிக்க முடியுமா, இணையம் இல்லாமலும் பொம்மை பயன்படுமா என்ற மூன்று கேள்விகளுக்கும் பெட்டியிலோ கையேட்டிலோ தெளிவான விடை இல்லாவிட்டால் வாங்க வேண்டியதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. 10 முதல் 16 மாதக் குழந்தைகள் 26 பேரும் அவர்களுடைய பெற்றோரும் விளையாடுவதைப் பதிவு செய்து பார்த்த ஆய்வொன்று 2016-இல் வெளியானது. ஒலியெழுப்பும் மின்னணுப் பொம்மைகளோடு விளையாடியபோது, புத்தகங்களோடும் சாதாரணப் பொம்மைகளோடும் இருந்தபோது பேசியதைவிடப் பெற்றோர் குறைவாகவே பேசினார்கள். சிறிய ஆய்வுதான்; உங்கள் பிள்ளையின் வயதும் வேறு. ஆனால் பொம்மை பேசத் தொடங்கினால் நாம் வாயை மூடிக்கொள்கிறோம் என்பது, யோசித்துப் பார்த்தால், நம் வீட்டிலும் நடப்பதுதான்.

கேள்வி: பெண் குழந்தைக்கு எதற்கு நட்டு, போல்ட், பல்சக்கரம் என்று கேட்கிறார்களே?

பதில்: ஆண் குழந்தைக்கு எதற்கோ அதற்குத்தான்.

கேள்வி: வேதியியல் பெட்டிகள் முன்பு போல் இல்லை, இப்போது எல்லாவற்றிலும் சமையல் சோடாதான் இருக்கிறது என்று என் தந்தை குறைப்படுகிறார்.

பதில்: குறை நியாயமானதே. ஆனால் அந்த “முன்பு” எப்படி இருந்தது என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள். 1950-இல் அமெரிக்காவில் ஏ.சி. கில்பர்ட் நிறுவனம் விற்ற அணுசக்தி ஆய்வுப் பெட்டியில் உண்மையான யுரேனியத் தாது மாதிரிகள் இருந்தன. கதிர்வீச்சை எண்ணும் கைகர் கருவியும் உடன் வந்தது. அதற்கும் சமையல் சோடாவுக்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது. படிகாரக் கரைசலில் நூலைத் தொங்கவிட்டுப் படிகம் வளர்ப்பது என் விருப்பம். முதல் நாள் ஒன்றும் தெரியாது. ஒரு வாரத்தில் எண்முக வடிவப் படிகங்கள் நூலில் அமர்ந்திருக்கும். சூடான நீரைப் பெரியவர் ஊற்ற வேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியும் பழக்கத்தை அன்றே தொடங்கிவிடலாம்.

கேள்வி: என் கணவர் மகளுக்கென்று இயந்திரக் கட்டுமானப் பெட்டி வாங்கி வந்தார். அவள் பாகங்களைக் கையில் எடுப்பதற்குள் அவரே பாதிப் பாலத்தைக் கட்டிவிடுகிறார். அவள் ஒரு திருகாணியைத் தவறாக மாட்டினால் உடனே பிடுங்கிச் சரிசெய்துவிடுகிறார். எப்படிச் சொல்வது?

பதில்: உங்கள் கணவர் மீது எனக்கு அனுதாபமே அதிகம். பிராங்க் ஹார்ன்பி 1901-இல் மெக்கானோ என்னும் இயந்திரக் கட்டுமானப் பெட்டிக்குக் காப்புரிமை பெறுவதற்கு முன், அதன் முதல் வடிவத்தைத் தம் பிள்ளைகளுக்காகத்தான் செய்தார். அன்று அவர் வீட்டில் யார் அதிக நேரம் விளையாடியிருப்பார் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

தவறாக மாட்டிய அந்தத் திருகாணியை அவர் விட்டுவைக்க வேண்டும். குறுக்குச் சட்டம் இல்லாத நாற்கரச் சட்டகத்தை ஒரு மூலையில் தள்ளினால் அது சாய்ந்து சரியும்; மூலைக்கு மூலை ஒரு பட்டையை மாட்டி அதை இரண்டு முக்கோணங்களாக்கினால் அசையாது நிற்கும். பாலம் ஒரு முறை அவள் கண்ணெதிரே சரிந்தால்தான் அந்தப் பட்டையைத் தேடி அவள் கை போகும். சரியாமல் காப்பாற்றிவிட்டால் பட்டை எதற்கு என்றே தெரியாமல் போய்விடும்.

நேரில் சொல்வது சங்கடமாக இருந்தால் வேறொரு வழி சொல்கிறேன். அவருடைய பிறந்தநாளுக்கு அதே பெட்டியில் இன்னொன்று வாங்கிக் கொடுத்து, இருவரையும் அறையின் எதிரெதிர் மூலைகளில் உட்கார வைத்துவிடுங்கள்.