எழுத்துக் கூட்டிப் படிப்பவரின் வேத வாசிப்பு

கேள்வி: எனக்கு வயது 44. பாம்பனில் இருக்கிறோம். கணவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார், நான் கடல்பாசி எடுக்கப் போவேன். ஓராண்டுக்குள் விவிலியம் முழுவதையும் படித்து முடிப்பதாக இந்த ஆண்டின் தொடக்கத்தில் பொருத்தனை செய்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் என்பதால் எழுத்துக் கூட்டி, வாய்விட்டுத்தான் படிக்க வரும். மகள் அதைக் கேட்டுச் சிரிக்கிறாள். லேவியர் நூலில் நின்றுபோய் இரண்டு மாதம் ஆகிறது. படிக்கும்போதே மனம் கடலுக்குப் போய்விடுகிறது, மூடிவைத்த பிறகு ஒன்றும் நினைவில் இல்லை. இதை விட்டுவிட்டால் பாவமா? மெதுவாகப் படித்துத் தியானிக்கும் முறை ஒன்று உண்டு என்கிறார்கள். அது மடத்தில் இருப்பவர்களுக்கு மட்டும்தானா?

பதில்: அன்புச் சகோதரி, பொருத்தனையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பாரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு நான் சொல்லும் மற்ற எதையும் உங்களால் நிம்மதியாகக் கேட்க முடியாது.

“படித்து முடிக்க வேண்டும்” என்று மனத்துக்குள் தீர்மானித்தீர்களா, அல்லது கடவுளுக்கே வாக்குக் கொடுத்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள். வெறும் தீர்மானம் பொருத்தனை ஆகாது. அதை மாற்றிக்கொள்வதில் பாவம் எதுவும் இல்லை. வாக்காகவே கொடுத்திருந்தாலும் திருச்சபை உங்களைக் கட்டிப்போட்டு வைக்கவில்லை. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1196ஆம் சட்டம், தனிப்பட்ட பொருத்தனையிலிருந்து தகுந்த காரணத்துக்காக ஒருவரை விடுவிக்கும் அதிகாரத்தைப் பங்குத்தந்தைக்கும் தருகிறது. அடுத்த சட்டம், செய்த பொருத்தனையை அதற்கு இணையான அல்லது மேலான நன்மையாக நீங்களே மாற்றிக்கொள்ளலாம் என்கிறது. ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பங்குத்தந்தையிடம் ஐந்து நிமிடம் பேசிவிடுங்கள். 73 நூல்களையும் 365 நாளில் முடிக்க வேண்டுமானால் நாளொன்றுக்கு மூன்றரை அதிகாரத்துக்கு மேல் ஓட வேண்டும். பாசி எடுத்து, உலர்த்தி, வீட்டையும் பார்க்கும் ஒருவருக்கு அது என்ன கணக்கு என்பது பங்குத்தந்தைக்குத் தெரியும்.

இனி, நீங்கள் குறை என்று நினைத்து எழுதியிருப்பதற்கு வருகிறேன். எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படிக்கிறேன் என்கிறீர்கள். சகோதரி, நீங்கள் கேட்கும் அந்த முறையே அதுதான்.

முதல் திருப்பாடல், ஆண்டவரின் திருச்சட்டத்தை இரவும் பகலும் தியானிக்கிறவரைப் பேறுபெற்றவர் என்கிறது. நாம் தியானம் என்று படிக்கும் இடத்தில் எபிரேயத்தில் ‘ஹாகா’ என்னும் வினைச்சொல் இருக்கிறது. முணுமுணுத்தல், வாய்க்குள் உருப்போடுதல் என்று அதற்குப் பொருள். எசாயா நூலில் இரையைப் பிடித்த சிங்கம் உறுமுவதற்கும், புறா குமுறுவதற்கும் இதே சொல்தான். தியானம் என்றதும் கண்ணை மூடி அசையாமல் உட்கார்வது நம் நினைவுக்கு வருகிறது. அந்தத் திருப்பாடலைப் பாடியவரின் நினைவுக்கு வந்தது அசைந்துகொண்டிருக்கும் உதடு.

திருத்தூதர் பணிகள் 8ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். எத்தியோப்பிய அதிகாரி தேரில் அமர்ந்து எசாயாவைப் படித்துக்கொண்டு போகிறார். பிலிப்பு ஓடிச் சென்றபோது அவர் படிப்பது காதில் விழுகிறது. தனியாக இருந்தபோதும் வாய்விட்டுத்தான் படித்தார்! நான்காம் நூற்றாண்டின் இறுதியில், மிலான் நகர ஆயர் அம்புரோஸ் குரல் எழுப்பாமல் கண்ணாலேயே படித்ததைப் புனித அகுஸ்தின் ஒரு புதுமையாகக் கண்டு எழுதிவைத்தார். ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கில், 48ஆம் அதிகாரம் கைவேலைக்கும் இறைவாசிப்புக்கும் நேரம் பிரித்துக் கொடுக்கிறது. மதிய ஓய்வு நேரத்தில் படிக்க விரும்புகிறவர் மற்றவருக்குத் தொந்தரவு இல்லாமல் படிக்கட்டும் என்று அதில் ஒரு வரி இருக்கிறது. எல்லாரும் மனத்துக்குள் படித்திருந்தால் அந்த வரிக்கு என்ன தேவை? இதையெல்லாம் உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள்.

நம் கரையும் வேதத்தை வாயாலும் காதாலும் கற்ற கரைதான். 1542 முதல் முத்துக்குளித்துறை ஊர்களில் நடந்த புனித பிரான்சிஸ் சவேரியார், மணி அடித்துச் சிறுவர்களைக் கூட்டி, தமிழில் செபங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். மண்டபத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வேதாளையில் 1549இல் கொல்லப்பட்ட இயேசு சபைக் குரு அந்தோனியோ கிரிமினாலி இதே பணியைத் தொடர்ந்தவர். அவருக்குப் பின் பொறுப்பேற்ற என்ரிக்கே என்ரிக்கசின் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் மறைக்கல்வி நூல் 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சேறியது. அதற்கு முன் இந்தக் கரையில் வேதம் அறிந்தவர்கள் பெரும்பாலும் சொல்லக் கேட்டு, சொல்லிச் சொல்லி அறிந்தவர்கள்தான்.

மெதுவான இந்த வாசிப்பை ‘லெக்சியோ திவினா’, அதாவது இறைவாசிப்பு, என்பார்கள். 12ஆம் நூற்றாண்டில் கர்த்தூசியன் துறவி இரண்டாம் குய்கோ அதை நான்கு படிகளாகச் சொன்னார்: வாசிப்பு, தியானம், செபம், ஆழ்ந்த அமைதி. வாசிப்பு உணவை வாயில் இடுகிறது, தியானம் மெல்லுகிறது, செபம் சுவையைத் தேடுகிறது, கடைசிப் படியே அந்த இனிமை என்று சாப்பாட்டையே உவமை காட்டினார். மாடு அசைபோடுவதைப் போல என்று பழைய துறவிகள் சொன்னதும் இதைத்தான். படிகளை எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள். மெல்லும்போது சுவை தெரியும்; முதலில் இது, பிறகு அது என்று வாய் கணக்குப் பார்ப்பதில்லை. மடத்தில் பிறந்த முறை என்பது உண்மைதான். ஆனால் 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், செபத்தோடு கூடிய விவிலிய வாசிப்பை எல்லாக் கிறித்தவரிடமும் கேட்டுக்கொண்டது. ‘எல்லாரும்’ என்பதில் பாம்பனும் அடங்கும்.

எப்படிச் செய்வது என்று சொல்வதைவிட ஒரு பகுதியை உங்களோடு சேர்ந்து படித்துக் காட்டுகிறேன். மாற்கு நற்செய்தி 4ஆம் அதிகாரம், 35 முதல் 41 வரை. ஏழே வசனங்கள். இயேசு படகில் தூங்குகிறார், புயல் எழுகிறது.

முதல் முறை கதைக்காகப் படியுங்கள், உங்கள் வேகத்தில், உங்கள் குரலில். அடுத்த முறை இன்னும் நிதானமாகப் படிக்கும்போது ஏதாவது ஒரு சொல் உங்களை இழுத்து நிறுத்தும். எனக்குப் பல ஆண்டுகள் கண்ணில் படாத ஒன்று 36ஆம் வசனத்தில் இருந்தது: வேறு படகுகளும் அவரோடு சென்றன. அந்தப் படகுகள் என்ன ஆயின என்று மாற்கு சொல்லவில்லை. கடலுக்குப் போன ஒரு படகைப் பற்றி விசாரிக்கும்போதே கூடப் போன படகுகளையும் விசாரிக்கும் ஊரில் இருப்பவர் நீங்கள். அந்த வசனம் உங்களை நிறுத்தினால் அங்கேயே நில்லுங்கள். மேலே போக வேண்டாம், அதையே பத்து முறை சொல்லுங்கள்.

அல்லது 38ஆம் வசனம் நிறுத்தலாம். பொது மொழிபெயர்ப்பில் அவர் படகின் பிற்பகுதியில் தலையணை வைத்துத் தூங்குகிறார். சீர்திருத்த சபையார் வைத்திருக்கும் பழைய மொழிபெயர்ப்பில் ‘பின்னணியம்’ என்று இருக்கும். அணியம் உங்கள் வீட்டுச் சொல். பட்டணத்து வாசகர் அகராதியைப் புரட்டும் இடத்தில் உங்களுக்குப் படகே கண்முன் வந்து நிற்கும். பக்கத்து வீட்டில் பழைய மொழிபெயர்ப்பு இருந்தால் வாங்கிப் பாருங்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பது தேய்ந்த சொல்லுக்கு மறுபடி கூர் தீட்டும்.

கதை நடக்கும் இடத்தை மனத்தில் நிறுத்திப் பார்க்கச் சொல்வார் புனித இஞ்ஞாசியார். செய்யலாம், ஆனால் கலிலேயாவைப் பாக் நீரிணை ஆக்கிவிட வேண்டாம். அது மலைகள் சூழ்ந்த நன்னீர் ஏரி, 21 கிலோமீட்டர் நீளம்தான். மலையிடுக்கிலிருந்து காற்று திடீரென்று இறங்கும். 1986இல் அந்த ஏரிச் சேற்றில், இயேசு வாழ்ந்த காலத்தை ஒட்டிய மீன்பிடி படகு ஒன்று கிடைத்தது. நீளம் எட்டு மீட்டரைச் சற்றுத் தாண்டும், அகலம் இரண்டேகால். வல்லம் என்னும் நாட்டுப்படகைப் பார்த்து வளர்ந்தவருக்கு அந்த அளவு அந்நியமாக இராது.

நிறுத்திய சொல்லை அசைபோடும்போது உங்களுக்குள் ஏதோ ஒன்று எழும். பயம், கோபம், நன்றி, எதுவாகவும் இருக்கலாம். அதை அப்படியே கடவுளிடம் சொல்வதுதான் செபம். இங்கே உங்கள் அடுத்த கவலைக்கு வந்துவிட்டோம். படிக்கும்போது மனம் கடலுக்குப் போய்விடுகிறது என்கிறீர்கள். போகட்டும். படகு கரைக்கு வராத இரவில் வேறு எங்கே போகும்? அதை இழுத்து வந்து புத்தகத்தில் கட்டிப்போட முயன்றுதான் களைத்துப்போகிறீர்கள். அந்தப் படகில் இருந்தவர்கள் அழகான வார்த்தைகளைத் தேடவில்லை. “சாகப்போகிறோமே, உமக்குக் கவலையில்லையா?” என்று கத்தினார்கள். அந்தக் கேள்விக்காக இயேசு முதலில் அதட்டியது சீடர்களை அன்று, காற்றை. சீடர்களிடம் பேசியது கடல் அடங்கிய பிறகு. ஆகவே, மனம் கடலுக்குப் போனால் கணவரின் பெயரைச் சொல்லி, இதே வாக்கியத்தை உங்கள் வாக்கியமாகவே சொல்லுங்கள். சொல்லிவிட்டு, நிறுத்திய சொல்லுக்குத் திரும்புங்கள். ஐம்பது முறை மனம் போனால் ஐம்பது முறை திரும்பலாம். அன்றைய வாசிப்பு முழுவதும் அந்தத் திரும்புதலாகவே இருந்துவிட்டாலும் அது வீண் அன்று.

பேச்சு ஓய்ந்த பிறகு சற்று நேரம் சும்மா இருங்கள். “இரையாதே, அமைதியாயிரு” என்ற சொல்லுக்குப் பின் மிகுந்த அமைதி உண்டாயிற்று என்று மாற்கு எழுதுகிறார். சில நாள் உங்களுக்கும் அது கிடைக்கும், பல நாள் கிடைக்காது. கிடைக்காத நாளில் நீட்டிக்க வேண்டாம், சிலுவை வரைந்து எழுந்துவிடுங்கள். எல்லாம் சேர்த்து இருபது நிமிடம் போதும்.

சில விஷயங்களில் கவனம் வேண்டும். கண்ணை மூடிப் புத்தகத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தை இன்றைய வாக்கு என்று எடுப்பது இந்த முறை ஆகாது. அது குறி கேட்பதைப் போல ஆகிவிடும். கெட்ட வசனத்தில் விரல் பட்டு, இரவு முழுவதும் தூங்காமல் இருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வசனம் உங்களை அச்சுறுத்தினால் முன்னும் பின்னும் பத்து வசனம் படியுங்கள், அடிக்குறிப்பைப் பாருங்கள். பிறகும் தீராவிட்டால் பங்குத்தந்தையிடமோ கன்னியரிடமோ கேளுங்கள். லேவியரை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பாம்பனில் இருப்பவருக்கு அமைதியான பெண் கடலும் தெரியும், கொந்தளிக்கும் ஆண் கடலும் தெரியும். விவிலியத்திலும் இரண்டும் உண்டு. இருளிலேயே முடியும் 88ஆம் திருப்பாடல் ஆண் கடல். கை பழகிய பிறகு அங்கே போகலாம்.

எதைப் படிப்பது என்று நாள்தோறும் தேடி அலைய வேண்டாம். ஞாயிறு நற்செய்தி மூன்றாண்டுச் சுழற்சியில் வருகிறது: ஓர் ஆண்டு மத்தேயு, அடுத்து மாற்கு, அதற்கடுத்து லூக்கா. கோயில் நாள்காட்டியில் அதிகாரமும் வசனமும் அச்சாகியிருக்கும். வரும் ஞாயிறுக்கு உரிய நற்செய்தியை எடுத்து வாரம் முழுவதும் அதையே படியுங்கள். திங்களன்று புரியாதது வியாழனன்று புரியும். ஞாயிறன்று பீடத்திலிருந்து அது வாசிக்கப்படும்போது, தெரிந்தவர் குரல் கேட்டதுபோல நிமிர்ந்து உட்காருவீர்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, விடியலில்தான் படிக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. தொலைக்காட்சி ஓடும் வீட்டில் வாசல் திண்ணை போதும். நீர் வற்றும் நேரம் பார்த்துப் பாசிக்குப் போகும் நாளில் புத்தகத்தைத் திறக்கவே நேரம் இராது. முந்தின நாள் நிறுத்திய ஒரு சொல்லை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு போங்கள். ‘இரையாதே’ என்ற ஒரு சொல், முழங்கால் தண்ணீரில் நிற்கும்போதும் வாயில் இருக்கலாம். மடத்துத் துறவிகள் கைவேலையின்போது செய்ததும் இதுதான்.

வாசித்தது கையிலும் தெரிய வேண்டும் என்று 2010இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், இந்தப் படிகளோடு செயலையும் சேர்த்துச் சொன்னார். பெரிதாக ஒன்றும் தேவையில்லை. ‘வேறு படகுகளும்’ என்ற சொல்லில் நின்றீர்கள் என்றால், அந்த வாரம் கணவர் கரை சேராமல் காத்திருக்கும் வேறொரு வீட்டுக்குப் போய்ச் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வரலாம்.

மகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் முறை அவள் படிக்கட்டும், இரண்டாம் முறை நீங்கள் எழுத்துக் கூட்டிப் படியுங்கள். அவள் வேகத்தில் தப்பிய சொல் எது என்று அவளே கண்டுகொள்வாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாளும் கணவர் வீட்டில் இருப்பார் அல்லவா? இதே ஏழு வசனங்களை ஒருநாள் அவர் காதில் விழும்படி படியுங்கள். படித்துவிட்டு, அப்படிப்பட்ட காற்றில் பின்னணியத்தில் ஒருவர் தூங்க வேண்டுமானால் எவ்வளவு களைத்திருக்க வேண்டும் என்று அவரிடம் கேளுங்கள்.