போன வருஷமா, இந்த வருஷமா? டேலியில் வரவு செலவை ஒப்பிடும் சந்தேகங்கள்

ஈரோட்டில் கடைகளுக்குக் கணக்கு எழுதுபவன் நான். டேலி பிரைம் என்ற கணக்கு மென்பொருளில் இரண்டு காலத்து வரவு செலவை ஒப்பிடுவது பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

ஹார்டுவேர் கடைக்காரர்: சார், போன வருஷக் கணக்கையும் இந்த வருஷக் கணக்கையும் பிரின்ட் எடுத்து வைத்துத்தான் பார்க்கிறேன். ஒரே திரையில் வராதா?

வரும். பிராஃபிட் அண்டு லாஸ் (லாப நஷ்டக் கணக்கு) திரையில் எஃப்2 அழுத்தி இந்த வருஷத் தேதியைக் கொடுங்கள். அப்புறம் ஆல்ட்+சி அழுத்திப் போன வருஷத் தேதியைக் கொடுத்தால் பக்கத்திலேயே இன்னொரு பத்தி வந்து நிற்கும். மாதவாரியாக வேண்டுமென்றால் ஆல்ட்+என். இந்த வருஷம் டிசம்பர் 31 வரைதான் என்ட்ரி போட்டிருக்கிறீர்கள் என்றால், போன வருஷத்தையும் ஏப்ரல் 1 முதல் டிசம்பர் 31 வரை மட்டும் எடுங்கள். ஒன்பது மாதத்தை முழு வருஷத்தோடு வைத்துப் பார்த்துவிட்டு "வியாபாரம் படுத்துவிட்டது" என்று வருகிறவர்கள் எனக்கு வருஷா வருஷம் உண்டு.

ஜவுளிக்கடைக்காரர்: அண்ணா, 2023 நவம்பர் விற்பனையில் பாதிகூட 2024 நவம்பரில் இல்லை. அப்பா பயந்துபோயிருக்கிறார்.

அப்பாவிடம் பழைய காலண்டரைக் காட்டுங்கள். 2023-இல் தீபாவளி நவம்பர் 12. 2024-இல் அக்டோபர் 31. கடைசி நேரக் கூட்டம் அந்த வருஷம் நவம்பர் கணக்கில் ஏறியது, அடுத்த வருஷம் அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. ஜவுளிக்கு மாதக் கணக்கு ஒத்துவராது. தீபாவளியிலிருந்து பின்னோக்கி 45 நாள் எண்ணுங்கள்: 2023-க்கு செப்டம்பர் 29 முதல் நவம்பர் 12 வரை, 2024-க்கு செப்டம்பர் 17 முதல் அக்டோபர் 31 வரை. இந்தத் தேதிகளையே இரண்டு பத்தியிலும் போட்டுப் பாருங்கள். அதிலும் குறைந்திருந்தால் அப்போது கவலைப்படலாம். ஆடித் தள்ளுபடிக்கு இந்த வம்பு இல்லை; ஆடி எப்போதும் ஜூலை நடுவில்தான் பிறக்கிறது.

ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்: ஜூலையில் மட்டும் செலவு எகிறுகிறது. இன்சூரன்ஸ் கட்டிய மாதம் அது.

வருஷத்துக்கு வருஷம் பார்ப்பதென்றால் அப்படியே விடுங்கள். மாதவாரி என்றால், வருஷத்துக்குக் கட்டியது 24,000 என்று வைத்துக்கொள்ளுங்கள்; அதை கரன்ட் அசெட்ஸ் (நடப்புச் சொத்து) பிரிவில் ஒரு லெட்ஜரில் (தனிக் கணக்குத் தலைப்பில்) வைத்து, மாதம் 2,000 வீதம் ஜர்னல் (பணம் கைமாறாத பதிவு) போட்டுச் செலவில் ஏற்றுங்கள்.

மளிகைக் கடைக்காரர்: ஒரு மாதம் நஷ்டம், மறுமாதம் கொள்ளை லாபம் காட்டுகிறது. எதை நம்புவது?

இரண்டையும் நம்பாதீர்கள். மாதக் கடைசி இருப்பு போட்டீர்களா? ஜூனில் 6 லட்சத்துக்குச் சரக்கு இறக்கி 4 லட்சத்துக்கு விற்றிருந்தால், குடோனில் கிடப்பதைக் கணக்கில் சேர்க்காதவரை 2 லட்சம் நஷ்டம் என்றுதான் காட்டும். ஜூலையில் அதை விற்றால் அத்தனையும் லாபம். டேலியில் ஸ்டாக் பராமரிக்காவிட்டால், எண்ணிப் பார்த்து ஸ்டாக் இன் ஹேண்ட் (கையிருப்பு) லெட்ஜரில் தேதியோடு மதிப்பைப் போட வேண்டும். மாதாமாதம் மூட்டை எண்ணப் பொறுமை இருக்காது, தெரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது எண்ணி, அந்த மூன்று மாதங்களை ஒன்றாக ஒப்பிடுங்கள்.

பேக்கரிக்காரர்: இந்த வருஷம் கரன்ட் பில்லே பூஜ்யம் என்கிறது. நான் கட்டியிருக்கிறேனே!

லெட்ஜர் பட்டியலைத் திறந்து பாருங்கள். பழைய ஆள் 'ஈபி சார்ஜஸ்' என்று எழுதியிருப்பார், புதுப் பையன் 'கரன்ட் பில்' என்று இன்னொன்று திறந்திருப்பான். ஒரு கடையில் ஆட்டோ வாடகை மட்டும் நான்கு பெயரில் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். புது லெட்ஜரில் உள்ள வவுச்சர்களை (பதிவுகளை) திறந்து ஒவ்வொன்றாகப் பழைய பெயருக்கு மாற்றுங்கள். எல்லாம் காலியான பிறகுதான் டேலி அதை அழிக்கவிடும்.